மேயோ கொடி கட்டிய வீடு

"அம்மா, எனக்கு எது கவுண்டி?" என்று என் மகள் உமையாள் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் என்னிடம் பதில் இல்லை.

நாங்கள் இருப்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே கவுண்டியில். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. மே மாதம் பிறந்தால் இங்கே வீட்டு வாசல்களில் கொடிகள் முளைக்கும். முதல் வருடம் தேர்தல் என்று நினைத்தேன். அயர்லாந்துக்கே உரிய 'கேலிக்' கால்பந்தாட்டமாம். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கவுண்டிக்கும் கவுண்டிக்கும் நடக்கிற அந்தச் சாம்பியன்ஷிப்பில் கால்வேக்கு மரூன் நிறம்; பக்கத்துக் கவுண்டியான மேயோவுக்குப் பச்சையும் சிவப்பும்.

பக்கத்து வீட்டு நோரீன்தான், நான் வேலையிலிருந்து வரத் தாமதமானால் உமையாளைப் பார்த்துக்கொள்வார். மேயோவில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து, பேரன் பேத்தி எடுத்தவர். இந்த முறை கால்வே மேயோவை வென்ற அன்று, கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு போனேன். "நாம் ஜெயித்துவிட்டோம்" என்றேன். அவர் கண் சிவந்திருந்தது.

"நாம் என்றால் யார்?" என்று கேட்டார்.

மாடி ஜன்னலில் பச்சை சிவப்புக் கொடி தொங்குவதை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். உள்ளேயிருந்து அவர் கணவர் குரல் கொடுத்தார்: "இத்தனை வருஷமா என் வீட்டு டீயைக் குடிச்சுட்டு, எதிராளிக்குத்தான் அழறா."

எங்கள் காரைக்குடிப் பக்கம் இப்படி இல்லை. எங்கள் சமூகத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலைச் சேர்ந்தது; எந்தக் கோயில் என்பதுதான் எங்களுக்குள் முதல் கேள்வி. எனக்குப் பிறந்த வீட்டுக் கோயில் ஒன்று. திருப்பூட்டித் தாலி ஏறிய அன்றே என் கணவர் வீட்டுக் கோயில் என்னுடையதாகிவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று எனக்கும் தோன்றவில்லை. நோரீனும் அப்படித்தான் மாறியிருப்பார் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனபோது உட்கார வைத்துப் பழைய கதை சொன்னார். நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கும் போட்டி. ஆரம்பத்தில் கவுண்டியில் முதலாவதாக வந்த கிளப்தான் அந்தக் கவுண்டிக்காக ஆடுமாம். ஆடுகிறவர்களுக்கு இன்றும் சம்பளம் கிடையாது. வாத்தியாரும் விவசாயியும் வேலை முடிந்து வந்து பயிற்சி எடுக்கிறார்கள். மேயோ கடைசியாகக் கோப்பை வாங்கியபோது நோரீன் பிறக்கவேயில்லை. ஒரு வருடம் இறுதி ஆட்டத்தையே நியூயார்க்கில் வைத்தார்களாம், பிழைக்கப் போனவர்கள் பார்க்கட்டும் என்று. வீடு திரும்பிப் பாத்திரம் கழுவும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்காக யாரும் எதையும் கடல் தாண்டித் தூக்கி வரப்போவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியிலிருந்து மாமனார் வீடியோவில் வந்தார். உமையாள் மரூன் ஜெர்சியில் இருந்தாள். இங்கே கிளப்பில் சின்னப் பிள்ளைகளோடு அவளும் ஆடுகிறாள்.

"ஏத்தா, என்ன சட்டை இது?"

"எங்க ஊர்ச் சட்டை ஐயா. நாங்க ஜெயிச்சுட்டோம்."

"எந்த ஊரு? காரைக்குடியில ஒருத்தரும் சொல்லலையே."

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான்தான் பயந்து, "பள்ளிக்கூடத்துச் சட்டை மாமா" என்று முந்திக்கொண்டேன். உமையாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, எப்ப வாரீக?" என்றார் அவர். பேச்சு முடிந்ததும்தான் தனக்கு எது கவுண்டி என்ற அந்தக் கேள்வியை அவள் கேட்டாள்.

தலைப்பிரசவம் என்று என் அம்மா வீட்டுக்குப் போய்ப் பெற்றதால், அவள் பிறந்தது காரைக்குடியில். நோரீன் கணக்கில் அதுதான் அவள் ஊர். மாமனார் கணக்கில், கட்டிக்கொடுக்கும் வரை அப்பா வீட்டுக் கோயில். அவளுக்குப் பயிற்சி கொடுப்பவரோ, "எங்கள் கிளப்புக்குப் பந்தை உதைத்தால் அவள் கால்வேக்காரி" என்கிறார். இதற்கிடையில் என் கணவருக்குக் காரைக்குடி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "உனக்குச் சரியென்றால் போவோம்" என்று என் தலையில் போட்டுவிட்டார். கால்வே என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு அவளை எப்படிப் பிடுங்கிக்கொண்டு போவது? காரைக்குடி என்று சொன்னால், விடுமுறையில் மட்டும் பார்த்த ஊரை அவள் எப்படி நம்புவாள்? போனாலும், அங்கே ஒரு ஜன்னலில் மரூன் கொடி கட்டிக்கொண்டு நிற்பாளோ?

வெளியே மழை. துவைத்த ஜெர்சியை ஹீட்டர் மேல் காயப் போட்டிருக்கிறேன். காய்ந்ததும் அலமாரியில் வைப்பதா, ஊருக்குப் போகும் பெட்டியில் வைப்பதா என்றுகூடத் தெரியவில்லை. பிள்ளையோடு ஊர் திரும்பியவர்களும், திரும்பாமல் இருந்துவிட்டவர்களும் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் பிள்ளை இதைக் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? சொன்னதை அது நம்பியதா?