நான்காவது துண்டு

எங்கள் பனியன் கம்பெனியில் தையல் ஊசி உடைந்தால், எல்லாத் துண்டுகளும் கிடைக்கும்வரை அந்த மெஷின் ஓடக்கூடாது. துண்டுகளை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, கிடைத்த இடத்தை எழுதி, நான் கையெழுத்துப் போட வேண்டும். எங்கோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் சட்டைக்குள் ஊசிமுனை போய்விடக் கூடாது பாருங்கள். ஊசி உடைந்து தெறித்தால் டெய்லரின் கண்ணில் படாமல் தடுக்க மெஷினில் ஒரு பிளாஸ்டிக் தகடும் உண்டு. வேலைக்கு இடைஞ்சல் என்று அதை மேலே தூக்கியே வைத்திருப்போம்; சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆடிட் வரும் அன்று மட்டும் இறக்கிவிடுவோம்.

என் மகள் விடுமுறையில் தைத்துப் பார்த்த அன்று ஆடிட் இல்லை.

ஊசி உடைந்தது. மூன்று துண்டுகள் கிடைத்தன; சேர்த்து வைத்துப் பார்த்தால் இன்னும் ஒன்று குறைந்தது. சூப்பர்வைசர் காந்தத்தை வைத்துக்கொண்டு தரையைத் தடவிக்கொண்டிருந்தார். மகள் இடது கண்ணைப் பொத்தியபடி, "அது இங்க இருக்குதுன்னு நெனைக்கறனுங்கம்மா" என்றாள்.

கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்ய வந்த டாக்டரம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. துண்டை எடுத்துவிடலாம், பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். சம்மதப் படிவத்தை நீட்டினார். பயந்தால் எனக்கு வாய் நீளும். வேலை கேட்டு வரும் டெய்லரிடம் கேட்பதையெல்லாம் அவரிடம் கேட்டேன்.

"எதுல கை பழகுனீங்க?"

"ஆட்டுக் கண்ணுலீங்க. கறிக்கடையில சொல்லி வெச்சு வாங்குவோம். மாசக்கணக்கா அதுதான்."

"தப்பாப் போனது உண்டுங்களா?"

கட்டிலில் இருந்து மகள், "அம்மா, இவங்களை வேலைக்கா எடுக்கறீங்க?" என்றாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஆடு ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா பழகுற காலத்துல ஒரு பெரியவருக்குக் கண்புரை எடுக்கறப்ப உள்ள கிழிச்சுட்டேன். எங்க சார் கத்தியை வாங்கிட்டு, ஒரு மாசம் பக்கத்துல நின்னு வேடிக்கை மட்டும் பாருன்னுட்டார். இன்னைக்கும் கத்தியை எடுத்தா மொதல்ல அந்தப் பெரியவர் நெனப்புத்தானுங்க."

'என் கையில ஒரு பீஸ்கூடக் கெட்டதில்லை' என்று சொல்லும் டெய்லரை நான் வேலைக்கு எடுத்ததே இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் துண்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தந்தார். கட்டுப் பிரித்த அன்று மகளுக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஒரு வாரத்தில் விரல்கள். ஒரு மாதம் கழித்துக் கம்பெனிக்கு வந்தவள், ரிஜிஸ்டரைப் பிரித்து, நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள்.

"கி...டைத்த இடம்" என்று எழுத்தெழுத்தாகப் படித்தாள். பேனாவை வாங்கி, கோணலாக, 'என் கண்' என்று எழுதினாள்.

சூப்பர்வைசர் நான்காவது துண்டை ஒட்டி, ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். அவர் அதை மேலே இருந்த என் பழைய கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"உங்க கையெழுத்து மாறியிருக்குதுங்க. ஆடிட்ல கேப்பாங்க."

"கேக்கட்டுங்க" என்றேன். "மொதல்ல எல்லா மெஷின்லயும் தகட்டை இறக்குங்க."