கடைசி ஆள் ஆர்?

ஸ்காபரோவில் சுகாதார அட்டை புதுப்பிக்கும் அலுவலகத்தில் அவரைக் கண்டேன். ஐம்பது வயதிருக்கும். ஏப்ரல் வெயிலிலும் காதை மூடிய உரோமத் தொப்பி. இலக்கச் சீட்டுத் தரும் இயந்திரத்தை மாடு பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உரக்கக் கேட்டார்: "இதில கடைசி ஆள் ஆர்?"

"நான்தான். அதுக்கென்ன?" என்றேன்.

"அப்ப உங்களுக்குப் பிறகு நான், அண்ணை. ரஷ்யாவில படிக்கேக்க பழகினது. அங்க ஒருத்தரும் வரிசையில நிக்க மாட்டினம். கடைசி ஆள் ஆரெண்டு கேட்டு வைச்சிட்டு உலாத்துவினம். அது தெரியாமல் முதல் மாசம் கன்ரீனில நிண்டு நிண்டு பட்டினி கிடந்தனான்."

"இது கனடா. சீட்டை எடும்."

எடுத்தார். படித்த முட்டாள்களுக்கு விதிகளை விளக்கியே ஓய்வுபெற்றவன் நான்.

மறுநாள் காலை எனக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கான். அட்டையோ காலாவதி. அலுவலகம் மூடச் சற்று முன் கழிப்பறைக்குப் போய்த் திரும்பினால், என் இலக்கம் கடந்து அவருடையது ஒளிர்ந்தது. தவறவிட்டவர் புதுச் சீட்டு எடுக்கவேண்டும் என்பது விதி. பின்னால் பத்துப் பேர் இருந்தார்கள்.

அவரோ கவுண்டரில் இருந்த பெண்ணிடம் பத்திரங்களைக் கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்தபடி, "அவருக்குப் பிறகுதான் நான்" என்று ஆங்கிலத்தில் அடம்பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "ஓடி வாங்கோ அண்ணை, மனுசி கத்துறா!"

முழு முறைகேடு. கவுண்டர் முன் போய் உட்கார்ந்தேன்.

என் வேலை முடிந்ததும் அந்தப் பெண் கவுண்டரை மூடிவிட்டாள்.

"பரவாயில்லை, நாளைக்கு நான்தான் முதல் ஆள்," என்றார் அவர்.

அப்படியொரு விதி இங்கே இல்லை என்று அவருக்கு நான் சொல்லவில்லை.