குழாய் எந்தப் பக்கம்?

எங்கள் வீடு இருந்த குறுகிய ஒழுங்கைக்கு மின்சாரம் வருகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கும் அக்காவுக்கும் கால் தரையில் நிற்கவில்லை. இருவரும் படிப்பை முடித்துவிட்டு வீட்டோடு இருந்த குமர்ப்பிள்ளைகள். அடக்கமாக இருக்கவேண்டிய வயதுதான். ஆனால் வயரிங் வேலைக்கென்று கொழும்பிலிருந்து ரயிலில் வந்த இரும்புக் குழாய்களை முன் விறாந்தையில் இறக்கியதும், ஆளுக்கொரு முனையில் குந்தியிருந்து குழாய்க்குள்ளால் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுப் பார்த்தோம்.

ஐயா, எங்கள் அப்பா, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். வீட்டுக்கு லைற் வரப்போகிற கதையைக் கச்சேரி முழுக்கச் சொல்லி, சண்டிலிப்பாயில் இருந்த மாமாவுக்கும் சொல்லியனுப்பியிருந்தார். மாமா வந்து பார்த்துப் பொறாமையில் வேகவேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசை எனக்கும் கொஞ்சம் இருந்தது.

வயர்காரர் சுவரில் ஆப்படித்துக் குழாயை ஏற்ற ஏற்ற, நாங்கள் பின்னாலேயே திரிந்தோம். கம்பி வெளியே தெரியாமல் குழாய்க்குள்ளாலேயே ஓடும் என்று அவர் சொன்னார். விறாந்தை முடிந்தது, ஹோல் முடிந்தது. ஹோலின் பின்மூலைக்கு வந்து சேர்ந்தபோது ஒரேயொரு குழாய்தான் மிச்சம். அந்த மூலைக்கு இடப்பக்கம் சாமியறை, வலப்பக்கம் அம்மா சமைக்கும் குசினி.

"கிளாக்கர் ஐயா, எந்தப் பக்கம் வளைக்கிறது? வளைச்சால் பிறகு நிமித்தேலாது," என்றார் அவர்.

"உதென்ன கேள்வி? சாமியறைக்குத்தான். சாமியை இருட்டிலை விட்டிட்டு நாங்கள் வெளிச்சத்திலை இருந்தால் சனம் என்ன கதைக்கும்?" என்றார் ஐயா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குசினிக்கு ஒரு சின்ன யன்னல்தான். பொழுதுபட்டால் குப்பிவிளக்கு. அந்த வெளிச்சத்தில்தான் அம்மா கறிக்கு அரிவார். முதல்நாள்தான் விரலை வெட்டிக்கொண்டு சீலைத்துணி சுற்றியிருந்தார். ஐயாவுக்குச் சாப்பாடு ஹோலுக்கே வந்துவிடும். அவர் ஏன் குசினியை எட்டிப் பார்க்கப்போகிறார்? வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைக் கிள்ளினாள். வயர்காரர் குழாயை வளைக்க முழங்காலில் வைத்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ."

குசினி வாசலில் அம்மா, புகையில் கலங்கின கண்ணோடு நின்றார். வெளி ஆள் முன்னால் அவர் ஐயாவை மறித்துக் கதைத்ததை நான் அன்றுவரை கண்டதில்லை.

"சாமிக்கு நான் ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிறன்," என்றார். "எனக்கு ஆர் வைக்கிறது?"

ஐயா தாடையைத் தடவினார். முகட்டைப் பார்த்தார். பிறகு வலப்பக்கம் கையைக் காட்டினார். குழாய் வளைந்தது. நானும் அக்காவும் கிணற்றடிக்கு ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

கறண்ட் தந்த அன்று பின்னேரம், அம்மா வழக்கம்போல முதலில் சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு வந்தார். சுவிச்சைத் தானே போடுவேன் என்று அடம்பிடித்துப் போட்டார். கரி பிடித்த சுவர், சட்டி, பானை எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் விழுந்தன. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. சந்தோஷம் தாங்காமல் அக்காவைக் கட்டிப்பிடித்தேன்.

ஐயாவும் பார்க்க வந்தார். பல்பைப் பார்த்தார். பிறகு அகப்பையைப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சுட்ட தழும்புகள்.

"உதெல்லாம் எப்ப பட்டது?" என்று கேட்டார்.

"பழசு," என்றார் அம்மா. "ஹோலிலை போய் இருங்கோ, புட்டு ஆறப்போகுது."

ஐயா போகவில்லை. அங்கேயே, அடுப்படியில், பலகையை இழுத்துப்போட்டுச் சாப்பிட இருந்தார்.