‘டக்’ வந்துச்சாடி?

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பன்னிரண்டாவதோடு படிப்பு முடிந்தது. நாலு பேர் நிற்கும் இடத்தில் ஐந்தாவதாக நிற்கவே கூசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை என் மகள் புதுப் பிரிண்டருக்குப் பாட்டிலிலிருந்து மை ஊற்றினாள். அந்த வாசனைதான் என்னை எழுத உட்கார்த்திவிட்டது.

பழைய பிரிண்டர் நைனார்பாளையத்து வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. ஊர்க்காரர்களுக்கு மனு, விண்ணப்பம், போட்டோ அடித்துக் கொடுப்பேன். எனக்கென்று இருந்த ஒரே வேலை அது. ஆனால் மிஷின் மை குடித்தது. புது மைப்பெட்டிக்குக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏற வேண்டும். எழுத்து கோடு விழுந்தால் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்துவேன். சரியாகாவிட்டால் மறுபடி, மறுபடி. அடிபம்பு அடிப்பது போல. அது தன்னைக் கழுவிக்கொள்வதே மையை ஊற்றித்தான் என்று அப்போது தெரியாது.

பக்கத்துத் தெரு சித்தப்பா தன் போட்டோவைப் பார்த்தார். “ஏம்மா, எனுக்கு மஞ்சக்காமாலன்னு டாக்டரே சொல்லல, ஒம் மிசினு சொல்லுதே!”

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. “இன்னொரு தபா இப்டி ஆனா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுவேன்.”

அந்த வாரம்தான் கல்வராயன் மலையிலிருந்து செல்வி வந்தாள். நர்சிங் விண்ணப்பம் அடிக்க வேண்டும், கலர் போட்டோவோடு. “போட்டோ எடுத்துக்கினு காலைல வரேங்க்கா. அப்டியே உளுந்தூர்பேட்டை பஸ் புடிக்கணும்.” கடைசிப் பெட்டியில் அடியில் கொஞ்சம் மைதான் இருந்தது.

சாயங்காலம் ஒரு வரி அடித்துப் பார்த்தேன். பளிச்சென்று வந்தது. உலை பார்க்க எழுந்தேன். என் மாமியார் அந்தப் பக்கம் வந்து சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினார். ஒரு மின்னலில் பழைய டிவி போனதிலிருந்து, கண்ணில் படும் சுவிட்சையெல்லாம் அணைப்பது அவர் வழக்கம்.

அடுப்படியில் எனக்கு ஏதோ குறைந்தது. மிஷினின் சொந்தப் பொத்தானில் அணைத்தால் ‘கர்ர்... டக்’ என்று ஓயும். இப்போது ‘டக்’ வரவில்லை. அவர் சுவரில் அணைத்த நாட்களுக்கு மறுநாள்தானே அது வெகுநேரம் மையைக் கொப்பளித்துக் கழுவிக்கொண்டது! ‘டக்’ என்றால் மை கக்கும் முனை தன் மூடிக்குள் போகும் சத்தம். போகாவிட்டால் காய்ந்துவிடும்.

ஓடி வந்து சுவிட்சைப் போட்டேன். பொத்தானை அழுத்தினேன். டக்.

“அத்தே, இனிமே இந்தப் பொத்தான்ல அணைங்க. சத்தம் வந்தப்பறம் சுவிட்ச அணைங்க.”

மாமியார் என்னையே பார்த்தார். “கண்ணாலமாயி இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் எனுக்கு புத்தி சொல்ற, அதுவும் மிசினுக்கோசரம்! கொழம்பத் தொறந்து போட்டா ஏடு கட்டும், மூடித்தான் வெக்கணும். இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி?”

காலையில் செல்வியின் முகம் அவள் நிறத்திலேயே வந்தது. “அய்ய, நானேதாங்க்கா!” என்று தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். வீட்டுக்காரர் அதற்குப் பிறகு இரும்புக்காரன் பேச்சை எடுக்கவில்லை.

அதன்பின் மாமியாரே காவல். சாயங்காலமானால் “டக் வந்துச்சாடி?” என்பார். வேலை இல்லாத வாரமும் மை காயாதிருக்க, வியாழக்கிழமை தோறும் அவருடைய செவலை ஆட்டின் படம் ஒன்று, உள்ளங்கை அளவில். முன்பு ஒரு பெட்டி ஒரு மாதம் தாங்காது; தீபாவளிக்குப் போட்ட பெட்டி பொங்கலையும் தாண்டி ஓடியது.

புது மிஷின் சத்தமே இல்லாமல் ஓய்கிறது. செவலை ஆடு இல்லை. கேட்க மாமியாரும் இல்லை.

மகள் மை ஊற்றிய மறுநாள் வியாழக்கிழமை. ஆட்டுப் படத்தைத் தேடி எடுத்து ஒன்று அடித்தேன்.