நான்கு பால்புட்டிகளும் ஓர் இன்ஜெக்டரும்

அந்தக் காருக்கு இரண்டாவது முறையாக எஞ்சின் கட்டிக்கொண்டிருந்தேன். முதல் முறை கட்டியதும் நான்தான். நாலு மாதம் நன்றாக ஓடிவிட்டு, ஒரு நாள் மேலூர் ரோட்டில் புகை கக்கிக்கொண்டு நின்றது. பிரித்துப் பார்த்தால் ஒரு பிஸ்டனின் தலையில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. சூட்டில் உருகியிருந்தது. இந்த முறையும் உருகினால் எஞ்சின் கட்டுகிற வேலையையே விட்டுவிடுவது, ஆயில் மாற்றி பிரேக் பார்த்துக் காலத்தை ஓட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். மனைவியிடம் மட்டும் சொன்னேன். "அதையாச்சும் ஒழுங்காச் செய்யணும்ல" என்றாள்.

காரின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டரம்மா. திருப்பரங்குன்றம் ரோட்டில் கிளினிக் வைத்திருக்கிறார், நாற்பது வயது இருக்கும். தன் சம்பாத்தியத்தில் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு பேர்தான் உட்காரலாம். டர்போ மாட்டி, வருஷத்துக்கு இரண்டு மூன்று தரம் கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் டிராக்கில் கொண்டுபோய் ஓட்டுவார். மற்ற நாட்களில் அது உறையைப் போர்த்திக்கொண்டு தூங்கும்.

பிஸ்டன் ஏன் உருகியது என்பது எனக்குத் தெரியும். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற சாமான். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். அந்தப் பெட்ரோலைப் பீய்ச்சுவது இன்ஜெக்டர், பேனா மூடி அளவில் ஒரு குழாய். சிலிண்டருக்கு ஒன்றாக நாலு. நான் டர்போவை மாட்டிவிட்டு, கம்பெனியில் வந்த பழைய இன்ஜெக்டர்களையே விட்டுவிட்டேன். அடுப்பில் விறகு குறைந்தால் சூடு தணியும். இந்த மாதிரி எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். அது எனக்குத் தெரியாததல்ல. லேப்டாப்பில் எஞ்சினுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் என் நண்பன் அப்போதே எச்சரித்தான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். வாரநாட்களில் அவன் ஒரு கல்லூரியில் வாத்தியார். "பத்தாது மாப்ள" என்றான். "அதெல்லாம் பத்தும்" என்றேன்.

உருகிய பிறகு டாக்டரிடம் நான் சொன்னது வேறு. பங்கில் போட்ட பெட்ரோல் சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் காரையும் உருகிய பிஸ்டனையும் எடுத்துக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து அதே காரை வண்டியில் ஏற்றிக் காளவாசலில் என் பட்டறைக்கே அனுப்பிவைத்தார். வேறு எங்காவது கொண்டுபோயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த முறை வம்பே வேண்டாம் என்று, மாப்ள சொன்ன அளவுக்குப் பெரிய இன்ஜெக்டர்களைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டி வந்தது. என் பட்டறைக்குள் புதிதாக எது வந்தாலும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டிய பிறகுதான் பூட்டுவேன். ஸ்பேனர் செட்டுக்கும் பொட்டு, ஆயில் ஃபில்டருக்கும் பொட்டு. மாப்ள இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நாலு இன்ஜெக்டர்களையும் பெட்ரோல் பீய்ச்சுகிற மூக்கு மேலே இருக்கும்படி தாம்பாளத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றின் உச்சியிலும் பட்டையாகச் சந்தனம் வைத்தேன். அன்றைக்கு எனக்குப் பயம் அதிகம், அதனால் சந்தனமும் அதிகம். மறுநாள் துணியால் துடைத்துவிட்டுப் பூட்டினேன்.

எஞ்சின் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. மாப்ள லேப்டாப்பைப் பார்த்து எல்லாம் சரி என்றான். ஒரு வாரம் மிதமான வேகத்தில் ஓட்டிப் பழக்கினோம். அதற்குப் பிறகுதான் முழு வேகம். அதற்கு முன்னால் ஒரு தரம் பார்த்துவிடுவோம் என்று நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினேன். மூன்று நல்ல பிஸ்கட் நிறம். இரண்டாவது மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் பத்தவில்லை என்று அர்த்தம். அப்படியே முழு வேகத்தில் அழுத்தியிருந்தால் இன்னொரு பிஸ்டன் போயிருக்கும்.

லேப்டாப் ஏன் இதைச் சொல்லவில்லை என்று மாப்ளையைப் பிடித்தேன். நாலு சிலிண்டரின் புகையும் ஒன்றாகச் சேருகிற இடத்தில்தான் சென்சார் இருக்கிறது, அது சராசரியைத்தான் சொல்லும் என்றான். மூன்று பேர் நல்ல மார்க் வாங்கி ஒருத்தன் ஃபெயிலானாலும் வகுப்புச் சராசரி பாஸ்தான் காட்டும் என்று பாடம் நடத்தினான். நான் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை சொன்னேன். அவன் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அடுத்து வயரிங்கைச் சந்தேகப்பட்டுப் பாதியைப் பிய்த்துப் போட்டேன். அதில் ஒரு குற்றமும் இல்லை. அப்புறம் சென்னைக்குப் போன் போட்டு, டூப்ளிகேட் சாமானை எங்கள் ஊர்க்காரன் தலையில் கட்டிவிட்டீர்களா என்று கத்தினேன். எதிர்ப்பக்கம் பேசிய பெண் நான் மூச்சு வாங்குகிற வரை காத்திருந்தார். இன்ஜெக்டர்களைக் கழற்றி, நாலையும் ஒரே நேரம் பீய்ச்சவிட்டு அளந்து பார்க்கச் சொன்னார். குறைகிறதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் மாற்றித் தருவதாகவும் சொன்னார்.

அளக்க ஒரே மாதிரி நாலு பாட்டில் வேண்டும், அளவுக் கோடு போட்டதாக. பக்கத்து மெடிக்கலில் போய் நாலு பால்புட்டி கேட்டேன். அங்கே இருந்த அம்மா என் கிரீஸ் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே பிரசவமா என்று கேட்டார். ஆமாம், நாலும் பெட்ரோல் குடிக்கிற பிள்ளைகள் என்றேன். சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை, அவர்தான் சிரித்தார்.

பட்டறை வாசலில் திறந்தவெளியில் வைத்து, பேட்டரி இணைப்புக் கொடுத்து ஓடவிட்டேன். மூன்று புட்டியில் பெட்ரோல் ஒரே கோட்டில் நின்றது. இரண்டாவதில் ஒரு விரற்கடை குறைவு, பீய்ச்சலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் சொன்னேனா இல்லையா என்று எனக்குள் ஒரு கொண்டாட்டம். டூப்ளிகேட்தான். மூக்கை நன்றாகப் படம் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அந்த மூக்கில் மஞ்சளாக ஏதோ அடைத்திருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள் சார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். தலைமுடி கனத்தில் நாலு துளை. அதில் ஒன்றில் மஞ்சள். ஓரத்தில் துளி சிவப்பு.

பெட்டியைத் தேடி எடுத்து உள்ளே துழாவினேன். இன்ஜெக்டரின் மூக்குக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டு அனுப்புவார்கள். மூன்றுக்கு இருந்திருக்கிறது. ஒன்றின் மூடி வழியில் கழன்று பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நான் மூடி இருக்கிறதா என்று பார்க்காமல் நாலுக்கும் அப்பியிருக்கிறேன். மேலே இருந்ததைத் துணி துடைத்தது. துளைக்குள் போனது காய்ந்து கல்லாகிவிட்டது. எஞ்சின் பத்திரமாக இருக்க வேண்டும் என்று வைத்த சந்தனம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதற்கு வேறு ஆளைத் தேட வேண்டியதில்லை.

சென்னைப் பெண்ணுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. ஊசி விட்டுக் குத்தக்கூடாது, துளை பெரிதாகிவிடும், அதிர்வில் சுத்தம் செய்கிற தண்ணீர் மெஷினில்தான் போட வேண்டும் என்றார். மதுரையில் அந்த மெஷின் இருக்கிற கடைகள் எனக்குத் தெரியும். கொண்டுபோனால் சந்தனக் கதை சாயங்காலத்துக்குள் காளவாசல் முழுக்கப் பரவிவிடும். அப்போதுதான் ஞாபகம் வந்தது, பல் டாக்டர்கள் தங்கள் கருவிகளைக் கழுவ அதே மாதிரி மெஷின் வைத்திருப்பார்கள். ஊர் சிரிப்பதைவிட ஒருத்தர் சிரிப்பது மேல்.

பெட்ரோல் வாடை போகிற மட்டும் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டு, மத்தியானம் நோயாளிகள் இல்லாத நேரமாகப் போனேன். சந்தனக் கதையைச் சொன்னதும் டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒரு கண்ணாடி டம்ளரில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, இன்ஜெக்டரின் மூக்கு மட்டும் முங்குகிற மாதிரி நிறுத்தி, டம்ளரோடு மெஷினுக்குள் வைத்தார். அது வண்டு மாதிரி ரீங்காரம் போட ஆரம்பித்தது. உட்கார வேறு இடம் இல்லாததால் என்னை நோயாளி நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. இம்புட்டு நம்பிச் சிரிக்கிற மனுஷியிடம் பங்கு பெட்ரோல் கதையை எத்தனை நாளைக்கு வைத்திருப்பது? சந்தனத்தை ஒத்துக்கொண்டவனுக்கு அதை மட்டும் மறைப்பது அசிங்கமாக இருந்தது.

"டாக்டர், போன தடவ பெட்ரோல் மேல தப்பு இல்ல. இன்ஜெக்டர் சின்னதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் பூட்டினேன். உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அவர் சிரிப்பு நின்றது. மெஷின் நின்றதும் இன்ஜெக்டரை எடுத்து, காற்றடித்து உலர்த்தி, சுத்தமான துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

மறுபடி பால்புட்டிகளை வைத்துப் பார்த்தேன். நாலிலும் ஒரே கோடு. மாப்ள வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, லேப்டாப் பையை எடுத்துக்கொண்டு வந்து என் பைக்கில் ஏறினான். சந்தனத்தைப் பற்றி வழியில் சொன்னேன். அவன் சிரித்ததில் மாட்டுத்தாவணிப் பக்கம் போக வேண்டிய பஸ்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மேலூர்ப் பக்கம் மூடிக்கிடக்கிற ஒரு குவாரிக்குப் போனோம். குவாரி முதலாளி மாப்ளைக்குத் தெரிந்தவர். கல் லாரிகளுக்காகப் போட்ட நேரான காங்கிரீட் பாதை, ஆடு மாடு வராது. டாக்டர் ஓட்டினார், மாப்ள லேப்டாப்போடு பக்கத்தில். நான் வெளியே நின்றேன். கார் எதிர்முனையில் திரும்பி நின்று, பிறகு ஒரே மூச்சில் என்னைத் தாண்டிப் போனது. அந்தச் சத்தம் துளிகூடப் பிசிறவில்லை. மூன்று தரம் அப்படி ஓட்டினார். நான் மூன்று தரமும் முருகனைக் கூப்பிட்டேன். நிறுத்திச் சூடு தணிந்ததும் பிளக்குகளைக் கழற்றினேன். நாலும் பிஸ்கட் நிறம். திரும்ப மாட்டினேன். மாப்ள என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

டாக்டர் ஒரு கிரானைட் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"பெட்ரோல் காரணமில்லன்னு எனக்கு அப்பவே தெரியும்ணே. வேற எடத்துல பிஸ்டனக் காட்டிக் கேட்டேன்."

அப்புறம் ஏன் என்னிடமே கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு பழைய கதையைச் சொன்னார். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெண்மணிக்கு, கெட்ட பல்லுக்குப் பக்கத்தில் இருந்த நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டாராம். அப்புறம் கெட்டதையும் பிடுங்கி, இரண்டும் கெட்டுத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பெண்மணி இன்றைக்கும் நம்பிக்கையோடு அவரிடமே வருகிறார்.

"உங்க எடத்துல இருந்தா நானும் பெட்ரோலத்தான் சொல்லியிருப்பேன். அதான் உங்களக் கோவிச்சுக்க முடியல." பிறகு கேட்டார். "சொன்னதுக்கப்புறம் எப்படிண்ணே இருந்துச்சு?"

அலங்காரமாகச் சொல்ல எனக்கு வராது. உள்ளதைச் சொன்னேன்.

"பயமாத்தான் இருந்துச்சு டாக்டர், நீங்க வண்டிய எடுத்துட்டுப் போயிருவீங்களோன்னு. ஆனா இன்ஜெக்டரத் திரும்பப் பூட்டும்போது சந்தனம் வைக்கணும்னு தோணல."

அவர் தலையை ஆட்டினார். கைப்பையிலிருந்து போனை எடுத்தார், உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு எழுந்து கற்களுக்கு அந்தப் பக்கம் நடந்தார். "அம்மா, நான் பல் டாக்டர் பேசுறேன். ஒரு விசயம் சொல்லணும்" என்பதுவரைதான் எனக்குக் கேட்டது.

மாப்ள இன்னொரு ரவுண்டு பார்க்கலாம் என்று காரில் ஏறிச் சாவியைப் போட்டான். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினேன்.