ஆயா என்னிடம் சொன்னது

1981 ஐப்பசி. திங்களன்று என் மகளுக்கு இருமல் வந்தது. புதனன்று மூச்சு இழுத்தது. வெள்ளியன்று இறந்தாள்.

அவளைப் பார்த்துக்கொண்ட ஆயா கீழ்பென்னாத்தூரிலிருந்து பேருந்தில் வருவார். மெலிந்து உயர்ந்த பெண்மணி. மாலையில், குழந்தை குடித்த பால், தூங்கிய நேரம் எல்லாம் சொல்லி முடிக்காமல் அவளைக் கையில் தரமாட்டார். அலுப்புற்ற நான், என் மனைவியிடம் மட்டும் சொல்லும்படி விதித்தேன்.

மனைவி வெளியூரிலிருந்த அந்தப் புதனன்று ஆயா தயங்கி நின்றார்.

"பாப்பாவுக்கு நெஞ்சு இழுக்குது சார்."

"அம்மா வந்ததும் சொல்லுங்க ஆயா."

"அவங்க சனிக்கிழமைதானே வருவாங்க? அதுவரைக்கும் யாருகிட்ட சொல்றது?"

"சளிதான். ஜாஸ்தி பயப்படாதீங்க."

குழந்தையை மெல்ல நீட்டினார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அவரைப் பழித்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்று இன்றும் விளங்கவில்லை.

செய்யாது விட்டவை:
அன்றே மருத்துவரிடம் போவது.
ஆயா என்னிடம் சொன்னார் என்று எல்லோர் முன்னும் கூறுவது.
அதை என் மனைவியிடமாவது கூறுவது.