பன்னிரண்டு மணிக்கு மூடும் தளம்

இணையத்தில் உருப்படியாக எதைப் பார்த்தாலும் சேர்த்து வைக்கும் புத்தி எனக்கு. இலவசப் பாடங்கள் ஒரு தளத்தில், காசில்லாமல் படிக்கக் கிடைக்கும் ஆய்வுக் கட்டுரைகள் இன்னொன்றில், வெளிநாட்டுப் பல்கலைக்கழக வாய்ப்புகள் மூன்றாவதில். சேர்த்தேனே தவிர, எதற்கும் விண்ணப்பித்ததில்லை. ஒன்றைத் திறந்தால் அடுத்ததைத் தேடும் மனசு.

ஒன்று மட்டும் என்னை விடவில்லை. ரப்பர் மர இலைநோய் பற்றி நான் செய்துவந்த ஆய்வுக்காகக் கனடாவில் ஒரு செமஸ்டர். அடுத்த ஆண்டு எனக்கு வயது வரம்பு கடந்துவிடும். விண்ணப்பத் தளம் அங்கே வியாழன் நள்ளிரவில் மூடும். மலேசியாவில், எங்கள் ஈப்போவில், அது வெள்ளி பகல் பன்னிரண்டு.

ஊரின் சிலிபின் பகுதியில் எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டுமே. சுங்காய் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி என்னைப் படிக்கவைத்த அம்மா, இந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. வியாழன் மாலை ஒன்றே ஒன்று சொன்னார்.

"நாளைக்குப் பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னுக்கே அனுப்பிடு."

"கம்ப்யூட்டருக்கு ஏதும்மா ராகுகாலம்?" என்று சிரித்தேன்.

வெள்ளி காலை எட்டுக்கே உட்கார்ந்தேன். கோப்பு பெரிது என்று தளம் தள்ளிவிட்டது. அதைச் சுருக்க வேறொரு தளம் தேடினேன். சுருக்கினால் படங்கள் மங்கின. குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்தில் நடந்தேன். எல்லாம் சரியாகி, அனுப்பும் பொத்தான் பச்சையானபோது மணி பத்து நாற்பது.

அழுத்த வேண்டியதுதானே? கை வரவில்லை. கேலி செய்தவளும் நான்தான். ராகுகாலம் முடிவதும் பன்னிரண்டுக்கு, தளம் மூடுவதும் பன்னிரண்டுக்கு. காலண்டரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தே பதினொன்றரை ஆகிவிட்டது.

அம்மா சமையலறையிலிருந்து வந்தார். "இன்னுமா அனுப்பல?"

"ராகுகாலம்மா."

"அங்க இப்ப என்னா கிழம?"

"வியாழன். ராத்திரி."

"அப்ப அங்க ஏது ராகுகாலம்? நீ போகப்போறது அந்த ஊருக்குத்தானே, அந்த ஊரு நேரந்தான் பாக்கணும். அனுப்புலா!"

நான் போகப்போகிறேன் என்று அம்மா தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுத்தினேன். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் எழுத்து வந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பகல்னா அங்க ராத்திரி. அப்ப நான் எத்தன மணிக்கு உனக்குப் போன் அடிக்கிறது?"

பன்னிரண்டு மணி நேர வித்தியாசம் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.